மேஸ்திரி வைத்த இங்கிலீஷ் பரீட்சை

கேசரியை வாயில் போடும் நேரம் பார்த்துத்தான் கேட்டார் கோதண்டராமன்.

“தம்பி, ‘நூஸ்’னா இன்னா?”

ராமமூர்த்திக்குப் புரையேறியது. ஜோலார்பேட்டை ரயில்வே பார்சல் குமாஸ்தா அவன். பெண் பார்க்க ஆம்பூர் வந்திருந்தான். பெண்ணின் அப்பா கோதண்டராமன் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி, இங்கிலீஷில் புலி என்று தரகர் முன்பே எச்சரித்திருந்தார். முதலில் வந்த மாப்பிள்ளையிடம் ‘பேல்’ என்றால் என்ன என்றாராம்; கட்டு என்றானாம் அவன். அடுத்தவனிடம் ‘டேம்ப்’; ஈரம் என்றானாம். இருவருமே சரியாகச் சொல்லியும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம் பாவி மனுஷன்!

ஆனால் ராமமூர்த்தி கதவோரம் நின்ற சௌந்தரத்தைப் பார்த்துத் தொலைத்துவிட்டான். இனி தோற்க அவனுக்கு மனசில்லை.

“சுருக்கு, ஐயா. இழுத்தா இறுகுற முடிச்சு.”

“எப்படி நம்பறது?”

“லத்தீன்ல ‘நோடுஸ்’னா முடிச்சு. அதுதான் பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்துச்சுன்னு மிஷன் ஸ்கூல் பாதிரியார் சொல்லிக் குடுத்தாரு.”

“லத்தீன் கெடக்கட்டும். கட்டிக் காட்டுங்க.”

வேலைக்காரி முனியம்மா கயிறு கொண்டுவந்தாள். சும்மா இருந்திருக்கலாம். சௌந்தரம் பார்க்கிறாளே என்று தன் இடது மணிக்கட்டிலேயே சுருக்கைப் போட்டான் அந்த மகாராஜன்.

“இழுத்தா?” மேஸ்திரி இழுத்தார்.

“இறுகும்.”

“இன்னும் இழுத்தா?”

“ஐயோ, இன்னும் இறுகும்! விடுங்க!”

விட்டார். ஆனால் சுருக்கு விடவில்லை. தண்ணீர் ஊற்றினார்கள்; கயிறு ஊறி இன்னும் கடித்தது. எண்ணெய் தடவினார்கள், பிடித்த விரலெல்லாம் வழுக்கியது. கை கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

சௌந்தரம் கத்தியோடு ஓடி வந்தாள். “வுடுப்பா, நான் அறுத்துடறேன்!”

“முடிச்சு மேல கத்தி பட்டுச்சோ, தெரியும் சேதி!” என்று அலறினார் அப்பா. “அது முழுசா எனக்கு வேணும்!”

ஒரு மனுஷன் கையைவிட முடிச்சா பெரிசு? ராமமூர்த்திக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியில் சௌந்தரம்தான் ஊசி முனையால் நெம்பி நெம்பி, தோல் உரியாமல் கையை மீட்டாள்.

மேஸ்திரி சுருக்கைக் குழந்தைபோல ஏந்திக்கொண்டு எழுந்தார்.

“சரி தம்பி. சொல்லி அனுப்பறேன்.”

அவ்வளவுதான், போச்சு. ராமமூர்த்தி கையைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்தான். செருப்பை மாட்டும்போது முனியம்மா பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள்.

“தோல் எப்படிக் கட்டணும்னு மெட்ராஸ் கம்பெனி இங்கிலீஷ்ல காயிதம் போட்டுருக்குது தம்பி, மேஸ்திரிக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. வர்ற மாப்பிள்ளைங்ககிட்ட ஒவ்வொரு வார்த்தையா கேட்டுக்கறாரு. இன்னும் ரெண்டே வார்த்தைதான் பாக்கி, அதையும் நீயே சொல்லிட்டுப் போய்ட்டீன்னா வேற மாப்பிள்ளையைக் கூப்பிட மாட்டாரு!”