சாக்பீஸில் தோண்டிய பள்ளம்

இந்த வருஷம் என் மனைவியின் உறவுக்காரர் ஒருத்தர்கூட என் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. ஆற்றுக்கால் பொங்காலைக்கு முந்தின நாள், பல் தேய்க்கும்போதே இப்படிச் சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான். சூடாமணி அடுக்களையில் இருந்தாள்.

பொங்காலை என்றால் திருவனந்தபுரத்தில் தெருவெல்லாம் அடுப்பு. மூன்று செங்கல் வைத்து இடம் பிடித்தவளுக்குத்தான் பொங்கல். ஸ்ரீவராகத்தில் எங்கள் வீடு ஆற்றுக்கால் அம்மன் கோயிலுக்குக் கூப்பிடு தூரம். விடுவார்களா? திருநெல்வேலியிலிருந்து சூடாமணியின் அண்ணன் பெண்டாட்டி பொன்னம்மை மைனி, சித்தி, சித்தியின் சம்பந்தி என்று போன வருஷம் பதினான்கு பேர். குளியலறை ஒன்று. நான்கு நாள் ஆபீஸ் குழாயில் முகம் கழுவினேன். என் துண்டு பானை இறக்கும் பிடிதுணியானது.

நான் கட்டட வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். போன வாரம் ஆபீசில் கூட வேலை பார்க்கும் பினு, மெயிலில் வந்த படங்களைக் காட்டினான். எவனோ வெள்ளைக்காரன் நடைபாதையில் சாக்பீஸால் கிணறு வரைந்திருக்கிறான். ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று பார்த்தால் நிஜக் கிணறு! அன்றைக்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் பள்ளம் இருந்தால் அடுப்புக்கு இடமில்லை. அடுப்பு இல்லையென்றால் திருநெல்வேலியும் இல்லை.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் சூடாமணி செங்கல் வைக்கமாட்டாள். அவள் ஆட்டோ ஏறியதும் கலர் சாக்பீஸோடு வாசலில் காங்கிரீட் தெருவில் மண்டியிட்டேன். செம்மண் நிறத்தில் பக்கச் சுவர், அடியில் கரி, நடுவில் உடைந்த குழாய். தெருமுனைக்கு ஓடிப் பார்ப்பேன், ஓடிவந்து திருத்துவேன். நாற்பது தடவை ஓடியிருப்பேன். கடைசியில் தெருமுனையிலிருந்து பார்த்தபோது எனக்கே தலை சுற்றியது.

ஆட்டோ வந்தது. தெருமுனையிலேயே குதித்து இறங்கினாள்.

"ஐயோ! என்னங்க இது?"

"குழாய் போடத் தோண்டிட்டுப் போயிட்டானுவ. கிட்ட வராத! ஷீனா வீட்டுக் கொல்லை வழியா உள்ள போ."

"நாளைக்குப் பொங்காலை. இன்னிக்கா தோண்டணும்?"

"நானும் அதத்தான் கேட்டேன். மேலிடத்து ஆர்டராம்."

"அப்போ அடுப்பு?"

"அந்தரத்துலயா வைக்க முடியும்? மைனிக்கு ஃபோன் போட்டு வரவேண்டாம்னு சொல்லிரு."

பக்கத்து வீட்டுக் கொல்லை வழியாக உள்ளே போனவள், முன்வாசல் கதவைத் திறந்து படியில் நின்றாள். பள்ளத்தையே பார்த்தாள். உள்ளே போய், அறையைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் ஃபோன் பேசினாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள்.

"சொல்லிட்டேன். மைனி அழுதுட்டாவ."

சந்தோஷத்தில் எனக்கும் கண் கலங்கியது.

"நீங்க தெருமுனையிலயே நின்னு பாத்துக்கிடுங்க. செங்கல் தூக்கிட்டு வாறவ எவளாவது விழுந்து வச்சா பாவம்லா?"

என்ன இளகிய மனசு! வெயிலில் நின்றேன். கால் மாற்றி நின்றேன். வானத்தில் ஒரு மேகம் வந்தால், மழை பெய்யக்கூடாதென்று நானும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். கொல்லத்திலிருந்து ஒரு கூட்டம் செங்கலோடு வந்து இடம் கேட்டது.

"சேட்டா, அவிடெ ஸ்தலம் உண்டோ?"

"குழியாணு சேச்சி! வலிய குழி!"

"அய்யோ! அப்போ அந்த நாய் எப்படி அவிடெ படுத்திருக்கு?"

பார்த்தேன். பள்ளத்தின் நட்ட நடுவில், அந்தரத்தில், ஒரு தெருநாய் சுருண்டு கிடந்தது.

"அது... பழகின நாய், சேச்சி."

நம்பிவிட்டார்கள். ஷீனா வீட்டு மதிலோரம் செங்கலை வைத்தார்கள். அப்புறம் வர்க்கலையிலிருந்து ஒரு கூட்டம், பாறசாலையிலிருந்து ஒரு கூட்டம். எல்லாரையும் கத்திக் கத்தியே திருப்பி அனுப்பினேன். நாலு மணிக்கு என் தொண்டை போய்விட்டது. தெருவில் கால் வைக்க இடமில்லை. அந்த நாயைத் தவிர ஈ எறும்பு அண்டாமல் காலியாகக் கிடந்தது என் வாசல் மட்டும்தான்.

அப்போது சூடாமணி வெளியே வந்தாள். கையில் இரண்டு வாளித் தண்ணீர். நான் ஓடி வருவதற்குள் என் பள்ளம் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. தெருமுனையில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் பொன்னம்மை மைனி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இறங்கினார்கள், இறங்கினார்கள், இறங்கிக்கொண்டே இருந்தார்கள். இருபத்தாறு பேர்.

"வரவேண்டாம்னு சொல்லிட்டேன்னியே!" காற்றுதான் வந்தது.

"வாசப்படியில நின்னு பாத்தா அது வெறும் செவப்புக் கிறுக்கல்ங்க," என்றாள், செங்கலை அடுக்கிக்கொண்டே. "உடனே அழிக்கத்தான் நெனச்சேன். அப்புறம் யோசிச்சேன். போன வருஷம் நாலு அடுப்புக்கு இடம் பிடிக்க எத்தனை பேர்ட்ட சண்டை போட்டேன்! இன்னிக்கு ஒத்த ஆளா நின்னு பத்து அடுப்புக்குக் காவல் காத்துக் குடுத்துட்டிய. அதான் மைனிட்ட, வேன் பிடிச்சு எல்லாரும் வாங்கன்னு சொன்னேன்."

பொன்னம்மை மைனி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அண்ணாச்சி, அடுத்த வருஷம் குளமா வரைஞ்சிருங்க. எங்க அம்மை வீட்டு ஆளுவளும் வாறாவளாம்."