டிக்கியைத் திறக்கச் சம்மதமில்லை

என் தங்கை வயிற்றில் பிறந்து, வக்கீலாக வளர்ந்து, எங்கள் இருவருக்கும் சட்டம் புகட்டிய அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். எங்கள் மகள் படக்காரியும் நலம்; என்னோடு இன்னும் பேசுகிறாள் என்பதையும் அந்த நலத்திலேயே சேர்த்துக்கொள். சென்ற முறை நீ வந்திருந்தபோது, சாப்பிட்ட கை காயும்வரை பேசிக்கொண்டிருந்தோமே, அப்போது ஒரு கேள்வி கேட்டாய். "மாமா, ரோட்டுல போலீஸ் நிறுத்தி, டிக்கியத் திறங்கன்னா என்ன பண்ணுவீங்க?" "திறப்பேன்" என்றேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். அந்தக் கேள்விக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ சொல்லிக்கொடுத்ததில் ஒரு வரிகூட மறக்கவில்லை. வாரண்ட் இல்லாமல் வண்டியைச் சோதிக்க அவர்களுக்குக் கண்ணில் படுகிற ஒரு காரணம் வேண்டும். அது இல்லாவிட்டால் என் சம்மதம் வேண்டும். நானே சம்மதித்துவிட்டால் காரணம் என்ன என்று பிறகு கேட்க முடியாது. ஆகவே கைகளைத் தெரிகிற இடத்தில் வைத்துக்கொண்டு, மரியாதையாக, "என் சம்மதம் இல்லை" என்று சொல்ல வேண்டும். அதையும் மீறித் திறந்தால் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இவ்வளவுதானே? ஆனால் நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். படித்தால் போதாது, பயிற்சி வேண்டும். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு, தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்து ஓட்டினேன். உன் அத்தை குடையைக் கையில் வைத்துக்கொண்டு போலீஸாக நின்றாள். முதலில் "டிக்கியத் திறங்க, குழம்பு அடுப்புல இருக்கு" என்று ஏனோதானோவென்றுதான் கேட்டாள். போகப்போக அவளுக்கு ருசி தட்டிவிட்டது. நான் குளித்துவிட்டு வெளியே வந்தால்கூட "எங்கேர்ந்து வர்றீங்க?" என்று குரலை இறக்கிக் கேட்பாள். நான் ஈரத் துண்டோடு "காரணம் தெரிந்துகொள்ளலாமா?" என்பேன்.

இந்த நிலையில்தான் படக்காரி எங்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்தாள். அவள் இப்போது கேமராவில் படம் எடுப்பதில்லை. பிஸ்கட் டப்பாவில் ஊசித் துளை போட்டு, உள்ளே வெளிச்சம் பட்டால் கறுக்கிற தாளை வைத்து எடுக்கிறாள். சிரிக்காதே, நானும் சிரித்து வாங்கிக்கட்டிக்கொண்டேன். கண்காட்சிக்காக மாதக்கணக்கில் எடுத்த தாள்களையெல்லாம், இன்னும் கழுவாமல், ஒரு பெட்டியில் போட்டு, கறுப்புத் துணி சுற்றி, நாடா ஒட்டி, இருட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள். "அப்பா, ஒரு விரல்கடை திறந்தாலும் எல்லாம் போச்சு. திரும்ப எடுக்க முடியாது" என்றாள். அம்மாவின் மறதியை நினைத்தோ என்னவோ, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'திறந்தால் செத்தோம்' என்றும் எழுதி ஒட்டியிருந்தாள்.

பெட்டியை டிக்கியில் வைத்து நானும் உன் அத்தையும் கிளம்பினோம். பெரிய சாலை திரும்புகிற இடத்தில், பெரிய மீசை வைத்த ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். பாடம் அப்படியே நாக்கில் நின்றது. கண்ணாடியை இறக்கினேன். இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்தேன். அவர் குனிந்து, "சார், உங்க டிக்கி..." என்று தொடங்கியதுதான் தாமதம். "ஐயா, உங்கள் கடமையை மதிக்கிறேன். ஆனால் காரணம் இல்லாமல் என் வண்டியைச் சோதிக்க என் சம்மதம் இல்லை" என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டேன். மனிதர் திகைத்து, "அதில்ல சார்..." என்றார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது.

"ஏன் சார் இவ்வளவு பதட்டம்? டிக்கியில அப்படி என்ன மறைச்சு வச்சிருக்கீங்க?"

உன் அத்தைதான். பழக்கதோஷம். மீசைக்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மா கேக்குறாங்கல்ல, பதில் சொல்லுங்க சார்" என்றார்.

நான் என்ன செய்வேன்? எனக்கும் பழக்கதோஷம்தான். அவள் பக்கம் திரும்பி, "மறைப்பது வேறு, சம்மதிக்காமல் இருப்பது வேறு" என்றேன். அவள், "நல்லா பேசுறீங்க. யார் சொல்லிக்கொடுத்தது?" என்றாள். "என் வக்கீல்" என்றேன். "வக்கீல் வச்சிருக்கீங்களா? அப்ப ஏதோ இருக்கு!" என்றாள். மீசைக்காரர், "சரி, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க" என்று சொல்லிக்கொண்டே வண்டியின் பின்பக்கம் நடந்தார். நான் இறங்கி ஓடினேன். கையைப் பிடிக்கக் கூடாது என்று நீ சொல்லியிருந்ததால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "சம்மதமில்லை, சம்மதமில்லை" என்று கத்தினேன். அவர் டிக்கியில் கைவைத்தார். மூடி மேலே எழும்பியது. உள்ளே கறுப்புப் பெட்டி. 'திறந்தால் செத்தோம்.'

இவ்வளவு பெரிய மீசை அவ்வளவு தூரம் பின்னால் குதித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் படுகிற காரணம் வேண்டும் என்றாயே, அதை என் மகளே எழுதி ஒட்டி அனுப்பியிருக்கிறாள்! சாலையை மறித்தார்கள். பின்னால் நின்ற லாரிக்காரர், "யோவ் பெரியவரே, இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்றார். இன்ஸ்பெக்டர் அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "நாடாவை வெட்டுங்க" என்றார். சுள்ளென்று வெயில். மகளின் உழைப்பு முழுவதும் ஒரு கத்தரிக்கோலுக்கும் வெயிலுக்கும் நடுவில் நின்றது. அப்போதுதான் உன் அத்தை போலீஸ் வேலையை ராஜினாமா செய்தாள்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இங்க திறக்காதீங்க. என் பொண்ணு பிஸ்கட் டப்பாவுல ஓட்டை போட்டு எடுத்த படம் எல்லாம்."

"பிஸ்கட் டப்பாவுல படமா? கதை விடாதீங்கம்மா."

நான் குறுக்கே புகுந்து, "மேடம், ஒரு தொட்டியில் இரண்டு குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று உதாரணம் தொடங்கினேன். "குழாயெல்லாம் எங்களுக்கு வேணாம் சார்" என்றார் மீசைக்காரர். பிறகு சாதாரணமாகவே சொன்னேன். "பார்க்க உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது மேடம், தாராளமாகப் பாருங்கள். வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், அது ஒன்றுதான் நான் கேட்பது. என் மகளிடம் பேசுங்கள்."

போனை ஸ்பீக்கரில் போட்டேன். படக்காரி அழவில்லை. "மேடம், பெட்டிக்கு அடியில ஒரு கவர் ஒட்டியிருக்கும். அதுல வீணாப்போன தாள் ஒண்ணு இருக்கு. அதை மட்டும் வெயில்ல பிடிங்க" என்றாள். மீசைக்காரர் பயந்து பயந்து கவரைப் பிரித்தார். வெள்ளைத் தாள். ஜீப்பின் மேல் வைத்து, பறக்காமல் இருக்க உள்ளங்கையை அழுத்தினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாள் ரோஜா நிறமாகி, பிறகு பழுப்பாகி, கருத்துக்கொண்டே போனது. அவர் கையை எடுத்தார். ஐந்து விரலும் வெள்ளையாக அப்படியே நின்றன. "மேடம், என் கை!" என்றார், ஏதோ தொலைத்தது கிடைத்த மாதிரி. லாரிக்காரர், "எங்க, என் கையையும் வை" என்று இறங்கி வந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அம்மா கத்தரிக்கோலை உள்ளே வைக்கச் சொன்னார். சந்தேகம் போகவில்லை, ஆனால் அவசரம் போய்விட்டது. பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வண்டியிலேயே இருட்டறைக்கு வந்தார். மங்கலான சிவப்பு விளக்கில் படக்காரி பெட்டியைத் திறந்தாள். எல்லாம் வெறும் வெள்ளைத் தாள்தான். ஒன்றை எடுத்து மருந்துத் தண்ணீரில் நழுவவிட்டாள். நாங்கள் நால்வரும் தொட்டிக்குள் எட்டிப்பார்த்தோம். மெல்ல மெல்ல ஒரு சோபா எழுந்தது. சோபாவில் நானும் உன் அத்தையும், சாப்பிட்ட பிறகு, தலையோடு தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறோம். அடுத்த தாளிலும் நாங்கள்தான். அதற்கடுத்ததிலும். ஊசித் துளையில் படம் விழ வெகுநேரம் அசையாமல் இருக்க வேண்டுமாம். "உங்களை மாதிரி அசையாத ஆளுங்க எனக்கு எங்கப்பா கிடைப்பாங்க?" என்றாள் மகள். அந்தத் தாளில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் விழும். ஓய்வுபெற்ற பிறகு என் தலைமுடி கறுத்தது அந்தத் தொட்டியில்தான்.

இன்ஸ்பெக்டர் அம்மா தொட்டியின் மேல் இன்னும் குனிந்தார். "எங்க அப்பாவும் இப்படித்தான், வாயைத் திறந்துட்டுத் தூங்குவாரு" என்று மட்டும் சொன்னார். போகும்போது கண்காட்சி எங்கே என்று விசாரித்துக்கொண்டார்.

ஆகவே மருமகனே, மனம் நிறைந்த நன்றி. "சம்மதமில்லை" என்று சொல்ல நீ கற்றுத்தராவிட்டால் அந்தப் பெட்டியை நானே நடுச்சாலையில் திறந்து காட்டியிருப்பேன். சொன்னதைக் கேட்டு, பொறுத்து, இருட்டறைவரை வந்து சோதித்த அந்த அம்மாவுக்கும் நன்றி. உன் அத்தைக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். நீயும் உன் வீட்டாரும் எந்தச் சாலையிலும் யாரும் மறிக்காமல் நீடு வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: இன்று கண்காட்சிக்கு மீசைக்காரர் வந்திருந்தார், மேலும் கறுக்காமல் படக்காரி கழுவிக் கொடுத்திருந்த, தன் கை பதிந்த தாளைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு. அன்று எதற்கு எங்களை நிறுத்தினார் என்று கேட்டேன். "உங்க டிக்கி சரியா மூடலை சார், ஆடிக்கிட்டே வந்துச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீங்க எங்க பேச விட்டீங்க? நானே மூடிடலாம்னு பின்னாடி போனேன்" என்றார். சோதனை போடும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லையாம். நீ சொல்லிக்கொடுத்த உரிமைகள் அத்தனையும் அப்படியே இருக்கட்டும். அடுத்த முறை உன் வண்டியை யாராவது நிறுத்தினால், கண்ணாடியை இறக்கி, முதலில் அவரைச் சொல்லி முடிக்க விடு.