மோந்து பார்க்க மட்டும்

பால்கனி விவசாயி என்றொரு இனம் உண்டு, பார்த்திருப்பீர்கள். பேசில், ஆரிகனோ, தைம் என்று சமையலுக்கு மணமூட்டும் செடிகளை மூன்று தொட்டிகளில் வைத்துக்கொண்டு, இத்தாலியே தன் வீட்டுத் துணிக்கொடிக்குக் கீழே குடிவந்துவிட்டதாக நினைத்து நடமாடும் இனம்.

எங்கள் மாடிவீட்டு வங்கி மேலாளர் அதில் முதல் ரகம். பல் துலக்குமுன் செடிகளிடம் நலம் விசாரிப்பார், வந்தவர் செருப்பைக் கழற்றுமுன் ஓர் இலையைத் தடவி, அந்த விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "எப்படி?" என்பார்; சிலிண்டர் கொண்டுவந்தவரையும் விட்டதில்லை. மோந்து பார்க்கலாம். பறிக்கலாமா? மூச்!

அப்படியானால் அந்த வீட்டுப் பாஸ்தா எதனால் மணத்தது? கடைப் பொட்டலத்துக் காய்ந்த தூளால்.

அவர் மனைவி பல் மருத்துவர், பிடுங்குவதில் கைதேர்ந்தவர். ஆனாலும் பொறுமையாகத்தான் இருந்தார், தன் தம்பி புது மனைவியோடு முதன்முதலாகச் சாப்பிட வந்த நாள்வரை.

"ஏங்க, சாஸ்ல போட நாலு பேசில் இலை குடுங்களேன்."

"இப்பத்தான் தழைச்சு வருது. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"போன மாசமும் இதத்தான் சொன்னீங்க. அந்தப் பொண்ணு மொத தடவையா வருது."

"அதுக்காகச் செடிய மொட்டையடிக்கணுமா?"

அம்மையாருக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசின.

விருந்தாளிகள் வந்ததும் வராததுமாக, மேலாளர் அவர்களைப் பால்கனிக்கு ஓட்டிக்கொண்டு போனார். பேசிலின் வெள்ளைப் பூக்களைக் காட்டி, "எப்படி?" என்றார்.

தம்பி மனைவி தயங்கினாள். "பூ விட்டா இலை கசந்துடுமே, அண்ணா. நுனியக் கிள்ளிக் கிள்ளிச் சமைச்சாத்தான் நல்லாத் தழைக்கும்."

"என் செடியா? கசக்குமா?"

ஓர் இலையைப் பறித்து வாயில் போட்டார். அத்தனை மாதத்தில் அவர் தின்ற முதல் இலை. முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

சற்று நேரத்தில் சமையலறை வாசலில் வந்து நின்றார். கை நிறைய தைமும் ஆரிகனோவும். அவரே வெட்டியது.

"இது கசக்கல. தின்னு பாத்துட்டேன். போடு."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அத்தனையையும் சாஸில் போட்டார். வீடே மணத்தது. மேலாளர் இரண்டு தட்டு சாப்பிட்டார். கண் கலங்கியதற்கு வெங்காயம்தான் காரணமாம்; சாப்பிடும்போது!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் அலமாரியைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். முக்கியமானவர் யாராவது வந்தால் எடுக்கலாம் என்று வைத்திருக்கிறீர்களே, அந்தக் கோப்பைகளில் உங்கள் வீட்டு மனிதர்கள் ஒருநாளாவது காபி குடித்திருக்கிறார்களா?