பானட் மேல் ஒரு டம்ளர் டீ

மதுரையிலேயே கார்புரேட்டரோடு குடும்பம் நடத்திய ஒரே மனிதர் எங்கள் டம்ளர் சார்தான். மனைவி ஸ்டெல்லா அக்காவோடும் நடத்தினார். அது பகுதி நேரம்.

அவனியாபுரத்தில் எங்கள் எதிர்வீடு. மிஷன் பள்ளி ஆபீசில் கிளார்க். பட்டப்பெயரைக் கேட்டு யாரும் தப்பாக நினைக்க வேண்டாம், டீயைத் தவிர வேறு எதையும் அவர் டம்ளரில் ஊற்றியதில்லை. வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது தன் டிரைவருக்கு விட்டுப்போன கார் அவரிடம் இருந்தது. அந்த டிரைவர்தான் சாருடைய அப்பா. சார் ஞானஸ்நானத்துக்குப் போனது அதில், கல்யாணத்துக்குப் போனதும் அதில். ஆகவே மகள் ஜெனி தொட்டிலில் கிடக்கும்போதே வாக்குக் கொடுத்துவிட்டார்: "பாப்பா, ஒன்னைய இந்தக் கார்லதான் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போவேன்."

கார் நிற்கும்போது என்ஜின் ஆடாமல் ஓட வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த பரீட்சை, விளிம்பு வரை டீ ஊற்றிய டம்ளரை பானட் மேல் வைப்பது. டீ அசைந்தால் கார் ஃபெயில். உடனே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் அந்தக் கார்புரேட்டரைக் கழற்றி, அக்காவின் இட்லிப் பானையில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போடுவார். வாரத்தில் பாதி நாள் அந்த வீட்டில் உப்புமாதான்.

ஒருமுறை அதற்குள் இருக்கும் ஊசித்துளைத் திருகு, ஜெட் என்பார்கள், கைதவறிச் சாக்கடையில் விழுந்துவிட்டது. தெருவில் ஒரு வீடும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று தடை போட்டார்.

"சார், குளிக்கவாச்சும் விடுங்க!"

"ஒரு நா குளிக்காட்டி செத்தா போயிருவீங்க?"

கிடைத்ததும் அதைத் துணியில் துடைத்து, வாயில் வைத்து ஊதிப் பார்த்தாரே, அன்று நான் சாப்பிடவில்லை.

சிம்மக்கல் சிக்னலில் இன்னும் மோசம். "தம்பி, வண்டி இருமுது, ஆஃப் பண்ணுங்க" என்று முன்பின் தெரியாதவன் பைக்கை நிறுத்தி, சட்டைப்பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்துவிடுவார். பச்சை விழும். பின்னால் டவுன் பஸ் டிரைவர் சாருடைய முன்னோர்களை வரிசையாக நலம் விசாரிப்பார். சார் காதில் பைக் மட்டும்தான் கேட்கும்.

ஜெனிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் கார்புரேட்டரை அக்கக்காகப் பிரித்து, புது வாஷர் போட்டு, சாப்பாடு தூக்கம் மறந்து வேலை பார்த்தார். கல்யாணத்தன்று காலை சாவியைத் திருகியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. தெருவே கைதட்டியது. கோட்டும் சூட்டுமாக வந்த சார் டம்ளரைக் கொண்டுவந்து பானட் மேல் வைத்தார்.

டீ லேசாக அசைந்தது.

"அஞ்சு நிமிசம்" என்று கோட்டைக் கழற்றினார்.

"டீ ஆடுனா ஒங்களுக்கென்ன? கெளம்புங்க!" என்று அக்கா கத்தினார்.

சாருடைய ஐந்து நிமிடம் எங்களுக்குத் தெரிந்ததுதான். அடுத்த கல்யாணம் காத்திருக்கிறது என்று சர்ச்சிலிருந்து போன் மேல் போன். கடைசியில் நான் ஒரு ஷேர் ஆட்டோவை மறித்தேன். உள்ளே இருந்த பூக்காரம்மா, "கல்யாணப் பொண்ணா? ஏறு தாயி" என்று கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். இறங்க மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

ஏறும்முன் ஜெனி அப்பாவிடம் போனாள். "கார் வேணாம்ப்பா. நீங்க மட்டும் வாங்க."

"நீ போ பாப்பா. பின்னாடியே வாரேன்."

வரவில்லை. சர்ச் வாசலில் அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாஸ்டர் வெளியே வந்து வந்து கடிகாரத்தைக் காட்டினார். அப்பா பிடிக்க வேண்டிய கையைக் கடைசியில் அக்காதான் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

எல்லாம் முடிந்து போட்டோவுக்கு நிற்கும்போது சார் வந்து சேர்ந்தார். அந்தக் கார் அப்படி அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. என்ஜின் சத்தமே கேட்கவில்லை. அதனால் அவர் வந்ததையே யாரும் கவனிக்கவில்லை. கன்னத்தில் கிரீஸோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஜெனிதான் பார்த்துவிட்டு ஓடினாள். முக்காட்டு நுனியால் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். அவள் திட்டியிருந்தால் மனிதர் தப்பித்திருப்பார்.

அதோடு கார்புரேட்டரை அவர் தொடவில்லை. இட்லிப் பானை அடுப்படிக்குத் திரும்பியது. "சார், என் பைக் இருமுது, பாருங்களேன்" என்று நானே வலியப் போய்க் கேட்டாலும், "மெக்கானிக்ட்ட விடுங்க தம்பி" என்பார். தெரு வெறிச்சென்று ஆகிவிட்டது. குளிக்க விடாமல் அடித்த அந்த மனிதருக்காக எனக்கு ஏக்கமாகவே இருந்தது.

போன மாதம் ஜெனி பெங்களூரிலிருந்து விமானத்தில் வந்தாள். ஏர்போர்ட் எங்கள் ஏரியாவுக்குப் பக்கத்தில்தான். சார் மதியமே காரைக் கிளப்பிவிட்டார்.

"பிளேன் சாயங்காலம்தானே சார்?"

"முன்னாடியே போயி நின்னுக்கிறேன்."

பழைய ஞாபகத்தில் என் கையிலிருந்த டீயை பானட் மேல் வைத்தேன். கார் குலுங்கிய குலுங்கலில் பாதி சிந்திவிட்டது.

"என்ன சார், இம்புட்டு ஆடுது?"

"ஆடட்டும் தம்பி" என்றார். "அன்னைக்கே ஆடட்டும்னு விட்டுருக்கணும்."

கார் இருமிக்கொண்டே தெருமுனை திரும்பியது. வழியில் எங்கும் அது நின்றுவிடக் கூடாதே என்று, சாமி கும்பிட்டுப் பழக்கமே இல்லாத நான், மிச்ச டீயைக் கையில் வைத்துக்கொண்டு சாருடைய சாமியையும் எங்கள் சாமியையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.