கண்ணாடிக்குள் ஜமுக்காளம்

திருவனந்தபுரத்தில் மகாராஜாவுக்கு அடுத்தபடியாகக் கம்பீரமாக உட்காரத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் எங்கள் ஜவுளிக்கடையில் சம்பளத்துக்கு உட்கார்ந்தார்.

சாலைக் கடைத்தெருவில் நான் கணக்குப்பிள்ளையாக இருந்த கடை அது. நாஞ்சில் நாட்டுக்காரரான அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எங்களுக்கு மறந்தே போயிற்று. ஜமுக்காளம் விரித்து, வந்தவர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, எதிரே உட்கார வைத்துத்தான் புடவை காட்டுவார். ஆகவே ஊருக்கே அவர் 'ஜமுக்காளம்'.

ஓலைக்கூரை போய் ஓடு வந்தது. ஓடு போய் மச்சு வந்தது. குடை, சோப்பு, பாத்திரமென்று கடை பெரிய ஸ்டோரானது. கொத்தன் சாந்து பூசும்போதும் இவர் கீழே வியாபாரம் பண்ணினார். தலையில் சுண்ணாம்பு விழுந்தால் தட்டிவிட்டு, "சரிகையப் பாருங்கம்மா" என்பார்.

பெரிய முதலாளி காலமானதும், மெட்ராஸ் பார்த்து வந்த மகன் மறுபடியும் இடித்தார். உள்ளே வரிசையாக மேஜைகள். தெருப்பக்கம் ஆளுயரக் கண்ணாடி, அதற்குள் புடவை கட்டிய மரப்பொம்மை.

"அண்ணாச்சி, இனி எல்லாரும் நின்னுதான் விக்கணும். முடியாதுன்னா நாளைக்கு வரண்டாம்."

"கல்யாணப் பொடவை எடுக்க வந்தவங்கள நிக்க வைக்கது, சம்பந்திய வாசல்ல நிக்க வைக்க மாதிரியாக்கும்!"

"அப்போ வீட்டுக்குப் போவும்."

வேறு பிழைப்பு அறியாத மனுஷர்.

மறுநாள் கடைவாசலில் ஒரே கூட்டம். கண்ணாடிக்குள் மரப்பொம்மை ஓரமாகச் சாய்ந்திருக்க, ஜமுக்காளம் தம் ஜமுக்காளத்தை விரித்துச் சம்மணமிட்டிருந்தார். முன்பு அவருடைய மூலை இருந்தது அங்கேதான். எதிரே வாடிக்கைக்காரியான கரமனை மாமியும் அவள் மகளான கல்யாணப் பெண்ணும். மாமி பச்சையை எடுத்தால் தெருவே உதட்டைப் பிதுக்கியது. அரக்கை எடுத்தால், "கொள்ளாம், கொள்ளாம்!" என்று மெச்சிக் கண்ணாடியைத் தட்டியது.

"எறங்கும்வே!" என்று கத்தினார் சின்ன முதலாளி.

"முகூர்த்தப் பொடவையாக்கும். எடுத்து முடியட்டும், எறங்கி அப்பிடியே வீட்டுக்குப் போயிருதேன்."

"அவர் போனா நாங்களும் கிளம்பறோம்" என்றாள் மாமி.

சின்ன முதலாளி ஆசாரியைக் கூப்பிட்டு நடுமேஜைகளை அப்புறப்படுத்தச் சொன்னார். ஜமுக்காளத்தைத் தாமே தூக்கி வந்து தரையில் விரித்தார். பூட்ஸைக் கழற்றினார்.

"அண்ணாச்சி, அப்பா உம்ம பக்கத்துல எங்க இருப்பாரு?"

அவர் மேல்துண்டால் இடதுபக்கத்தைத் தட்டிவிட்டு, அதே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் கடைகளில் நின்றுகொண்டேதான் துணி எடுக்கிறேன். அந்த மனுஷர் எங்கிருந்தாவது வந்து, "இரியும் பிள்ளே" என்று சொல்லமாட்டாரா என்றிருக்கிறது.