மாமா மடியில் மாமாவே

வில்லாபுரம்,
14.5.1989

மதிப்பிற்குரிய திருமங்கலம் மொக்கையன் மாமா அவர்களுக்கு, தங்கச்சி மகள் தங்கப்பொண்ணு கும்பிட்டு எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு நீங்களும் உங்கள் கோபமும் நலமா?

தம்பி கருப்பு காதுகுத்துப் பத்திரிகையில் உங்கள் பட்டங்கள் மட்டும் வந்து பெயர் வராமல் போனதற்கு அப்பா காரணமில்லை மாமா, நான்தான். கம்ப்யூட்டர் வகுப்பில் சங்கிலி சார் சி மொழியில் எழுதிய எடிட்டர் என்ற டைப் அடிக்கும் புரோகிராமில், இங்கிலீஷ் எழுத்தில் நானே அடித்தேன். அதில் ஒரு வரிக்கு எண்பது எழுத்துக்குத்தான் இடம். உங்கள் பட்டங்களோ திருமங்கலம் பஸ் கூட்டம் மாதிரி ஏறிக்கொண்டே இருந்தன. எடிட்டர் இடம் இருக்கிறதா என்றே பார்க்காமல், மிச்சத்தைக் கீழ்வரியில் கருப்பு பெயர்மேல் ஏற்றிவிட்டது. அச்சில் பார்த்தால் மேலே தாய்மாமன் நீங்கள், கீழே காது குத்தப்படும் குழந்தையும் அரிசி மில் அதிபர் மொக்கையன்! உங்கள் மடியில் நீங்களே உட்கார வேண்டியது. அப்பா, "எந்த ஆசாரிடி நாப்பத்தஞ்சு வயசுக் காதுல குத்துவான்?" என்று கத்த, சங்கிலி சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, நான் ரோஷத்தில் எண்பதுக்கு மேல் போனால் வெட்டு என்று புரோகிராமில் எழுதினேன். வெட்டியது. மற்றப் பட்டங்கள் தப்பின; கடைசியில் இருந்த அரிசி மில்லும் உங்கள் பெயரும் போயின. அதைப் பார்க்காமலேயே அப்பா முதல் பத்திரிகையை உங்களுக்கே அனுப்பிவிட்டார்.

"பேரில்லாதவன் எதுக்கு வரணும்? மடிய மட்டும் வேணா அனுப்புறேன்"னு நீங்க சொன்னதா உங்க தெரு அன்னக்கொடி அத்தை வந்து சொன்னதிலிருந்து அம்மா சோறு தண்ணி தொடல மாமா. "எங்கண்ணன் மடியில்லாம எம்புள்ள காதுல ஈ கூட உக்காரக் கூடாது"ன்னு ஒரே பிடி. நான் மூன்று நாள் மல்லுக்கட்டி எடிட்டரைத் திருத்திவிட்டேன். இப்போது அது முதலில் எழுத்துகளை எண்ணி, அம்புட்டுக்கும் இடம், எழுத்து முடிந்தது என்று காட்டும் முடிவுக்குறிக்கு ஒரு இடம் என்று கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்கிய பிறகே ஓர் எழுத்தை உள்ளே விடுகிறது. புதுப் பத்திரிகை இத்துடன். பெயர் இருக்கிறது, தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலையில மடியோட வந்துருங்க.

அத்தைக்கு என் அன்பு. உங்களுக்குக் காலில் விழுந்த நமஸ்காரம். எழுப்பிவிட நீங்கதான் வரணும்.

தங்கப்பொண்ணு

பி.கு.: நீங்கள் எழுதிக் கொடுத்தது இரண்டே பட்டம், எண்பதுக்குள் தாராளமாக அடங்கும். மிச்ச நாலும், எடிட்டர் எம்புட்டுத் தாங்கும் என்று பார்க்க நான் சேர்த்தவை. அதில் 'சிலம்பச் சிங்கம்' என்பதை நம்பி, ஊர்க்காரர்கள் காதுகுத்து முடிந்ததும் உங்களோடு மோத சமயநல்லூரிலிருந்து நாலு பேரை வரச் சொல்லியிருக்கிறார்கள். வரும்போது ஒரு கம்பும் கொண்டு வரவும்.