அப்பாவுக்கு ஒன்றுமில்லை, மெதுவாக நடக்கிறார்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து உன் அம்மா போனில் அழுததைக் கேட்டு நீ பதறி லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாய் என்றும், "அப்பாவ இனிமே என்கூடவே வச்சுக்கிறேன்" என்று சொன்னாய் என்றும் கேள்விப்பட்டேன். வேண்டாம். லீவை ரத்து செய். எனக்கு ஒன்றுமே இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் போன் இப்போது உன் அம்மாவின் காவலில் இருக்கிறது.

என் ரத்த அழுத்தம் குறையட்டும் என்று நடைத் தியானப் பாடத்தை அனுப்பியதே நீதான். "குதிகாலைத் தூக்குங்கள், மூச்சை உள்ளே இழுங்கள், பாதத்தை வையுங்கள்" என்று அதில் பேசும் அம்மையார் சொல்லச் சொல்ல நடக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க ஆம்புலன்ஸ் ஓட்டியவனை மெதுவாகப் போகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். ஆனாலும் எதில் இறங்கினாலும் முழுசாக இறங்குகிறவன் நான். சீக்கிரமே பழகிவிட்டது. "பால் பொங்குது, அடுப்ப அணைங்க!" என்று உன் அம்மா குளியலறையிலிருந்து கத்தியபோது உடனே கிளம்பினேன். உடனே கிளம்பினேன் என்பதை அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். ஒவ்வோர் அடியையும் உணர்ந்து நான் சமையலறை வாசலை அடைந்தபோது, பால் அடுப்பை விட்டு இறங்கி என்னை எதிர்கொண்டது. நான் பதறவில்லை. பாதத்தின் கீழே இருப்பதை உணரச் சொல்லியிருக்கிறார்கள், உணர்ந்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. இனிமேல் வீட்டுக்குள் நடக்கக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது.

சரியென்று தெருவில் நடந்தேன். மருந்துக் கடைக்கு எதிரே ரோட்டைக் கடக்கும்போது பாதி வழியில் சிக்னல் மாறிவிட்டது. ஹாரன் என்றால் ஹாரன், அப்படி ஒரு ஹாரன்! ஒலியை வெறும் ஒலியாகக் கேட்டுக்கொண்டு அடுத்த பாதத்தைத் தூக்கினேன். மருந்துக் கடைக்காரர் ஓடிவந்து, "சார், ரெண்டு கையையும் தூக்குங்க பாப்போம்! உங்க பேரு சொல்லுங்க!" என்றார். நான் மூச்சை விட்டுக்கொண்டிருந்தேன், நடுவில் பேசினால் கெட்டுவிடும் என்று புன்னகை மட்டும் செய்தேன். அந்தப் புன்னகை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு இருந்ததாம். பக்கவாதம் என்று முடிவு கட்டிவிட்டார் மனிதர்.

வந்து நின்றது நான் ஓட்டிய அதே ஆம்புலன்ஸ். ஓட்டி வந்தவன் என்னிடம் தொழில் பழகியவன். "அண்ணே, ஒண்ணும் பேசாதீங்க, படுங்க" என்று என்னை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டியே விட்டான். மகளே, இத்தனை வருஷம் முன்னாடி உட்கார்ந்து ஓட்டிய எனக்கு, பின்னாடி படுத்தவன் பாடு என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "டேய், வளைவுல பிரேக்க மிதிக்காதடா! கியர மாத்துடா! பின்னாடி ஆள் இருக்கேன்டா!" என்று வழி நெடுகக் கத்தினேன். கூட வந்த நர்ஸ், "நோயாளி நிதானத்துல இல்ல" என்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். டாக்டர் பார்க்கும்போது ரத்த அழுத்தம் ஏறித்தான் இருந்தது, அவன் ஓட்டிய லட்சணத்துக்கு ஏறாமல் என்ன செய்யும்? வராந்தாவில் ஒரு நடை நடந்துவிட்டு வருகிறேன், அப்புறம் பாருங்கள் என்றேன். நடந்தேன், பார்த்தார், இறங்கியிருந்தது! "இந்த வயசுக்கு இது பிரமாதம் சார்" என்று டாக்டரே சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன், உன் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் என் செருப்பு. டாக்டர் என் கையில் இருந்த ரத்த அழுத்தப் பட்டையைக் கழற்றி அவள் கையில் சுற்றினார். அவளுக்குத்தான் எகிறிக் கிடந்தது. சாயங்காலம் வரை அங்கே படுத்திருந்தது அவள்தான். அழுதது அவள், படுத்தது அவள், நோயாளி மட்டும் நானாம்!

"நீங்க மெதுவா நடந்து நடந்து என்னை வேகமா அனுப்பிடுவீங்க போலிருக்கே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், எனக்குத்தான் சுருக்கென்றது. அதிலிருந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். அவளுக்குத் தியானமெல்லாம் வரவில்லை, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருகிறாள். ஆனால் டாக்டர் மறுபடி பார்த்தபோது அவளுக்கும் இறங்கியிருந்தது.

ஆகவே நாங்கள் இருவரும் இங்கேயே சௌக்கியமாக இருப்போம். உன் வீட்டுக் கூடத்தில் நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும், எனக்குச் சரிப்படாது. உன் அலுவலக வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டாம். உடம்பில் நோயும் வீட்டில் சண்டையும் அண்டாமல் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
திடகாத்திரமான உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு நடை நடந்தேன். வருகிற எண்ணங்களைப் பிடித்து வைக்காமல் போக விட வேண்டும் என்பது பாடம். மற்றதெல்லாம் போய்விட்டது. நீ வரப்போகிறாய் என்ற எண்ணம் மட்டும் போக மாட்டேன் என்கிறது. மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு, கிளம்பி வா. அப்பா நலம் என்று தெரிந்தால் உன் மேலாளர் லீவு தர மாட்டார் என்றால், எந்த வியாதிக்குத் தருவார் என்று கேட்டு எழுது. அதை நான் வரவழைத்துக்கொள்கிறேன்.